பக்கிங்காம் கால்வாயில் ஒரு படகுப் பயணம்

படகு என்றதும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு நினைவுக்கு வருவது கோயில் குளத்துத் தெப்பம்தான். பாலாறு பக்கத்திலேயே ஓடுகிறது. ஆனால் ஆண்டின் பெரும்பகுதியும் அதில் மணலைத்தான் பார்க்கிறோம். வேகவதியைப் பற்றியோ சொல்லவே வேண்டாம்! ஆகவே, வகுப்புச் சுற்றுலாவாக முட்டுக்காட்டுக்குப் போகிறோம், படகில் ஏறப் போகிறோம் என்று ஆசிரியை சொன்னபோது நாங்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

முட்டுக்காடு 2019 வரை நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். இப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் இயங்கி வருகிறது. மிதவைச் சட்டை அணிந்து, பலகையில் கால் வைத்தபோது படகு ஆடிற்று; எங்கள் நெஞ்சும் ஆடிற்று. சற்று நேரத்தில் அச்சம் போய்விட்டது. கொக்குகளும் நீர்க்காகங்களும் எங்களைப் பொருட்படுத்தாமல் மீன் தேடிக்கொண்டிருந்தன.

அப்போது ஆசிரியை, "கிழக்கே தெரிவது கடல். வடக்கே போனால் சென்னை. தெற்கே போனால் மாமல்லபுரம். நாம் இப்போது பக்கிங்காம் கால்வாயின் வழியில் இருக்கிறோம்" என்றார். அந்தக் கால்வாயைப் பற்றி அன்றும் அதன் பின்னரும் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

கால்வாய் பிறந்த கதை

1806-ஆம் ஆண்டில் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை முதற்பகுதியை வெட்டுவித்தார். படகுகளிடம் சுங்கம் வாங்கிச் செலவை ஈடுகட்டுவது அவர் திட்டம். 1837-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. வடக்கிலும் தெற்கிலும் படிப்படியாக நீண்ட அக்கால்வாய், ஆந்திரத்தின் பெத்த கஞ்சாம் முதல் நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஆயிற்று. அதில் சுமார் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது.

சென்னை நகரின் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி இருந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு அது. அதை வெட்டியவர்கள் யார் தெரியுமா? பசித்தவர்கள்!

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பிழைக்க வழியின்றி வந்த மக்களுக்கு அரசு நிவாரண வேலை கொடுத்தது. 1877-இன் தொடக்கத்தில் மாகாணத்தின் நிவாரண வேலைகளில் ஓர் ஆணுக்கு நாள் கூலி ஒரு இராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓரணாவும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. பின்னரே கூலி உயர்த்தப்பட்டது. கால்வாய்க்கு அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கிடைத்தது. மண் சுமந்த தாய்மார்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

படகுகள் எப்படிச் சென்றன?

கால்வாயில் மோட்டார் ஏது? அடிப்பாகம் தட்டையான படகுகளை நீண்ட கழியால் ஊன்றித் தள்ளுவார்கள். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இரண்டும் உதவாதபோது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். 1934-இல் பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இவ்வழியே படகில் சென்றார். அப்பயணத்தைப் பற்றி அவர் ஒரு கவிதையும் எழுதியிருக்கிறார்.

கடல் ஏற்றத்திலும் இறக்கத்திலும் கால்வாயின் நீர்மட்டம் மாறும். அதைச் சமாளிக்க 'லாக்கு' அமைத்தார்கள். முன்னும் பின்னும் கதவுள்ள ஒரு தொட்டி என்று அதைக் கருதலாம். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். மறுபக்கத்து மட்டத்துக்குச் சமமாகும்வரை நீரை ஏற்றுவார்கள் அல்லது இறக்குவார்கள். பிறகு முன்கதவு திறக்கும், படகு செல்லும். எவ்வளவு எளிய, எவ்வளவு அழகிய ஏற்பாடு!

உப்பு, சவுக்கு விறகு, மீன், காய்கறி எல்லாம் இவ்வழியே சென்னைக்கு வந்தன. படகுகள் நின்ற துறையின் நினைவாகவே 'பேசின் பிரிட்ஜ்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மயிலாப்பூரில் 'தண்ணித்துறை' மார்க்கெட் இருக்கிறது. அவ்வூரில் வளர்ந்த என் பாட்டி, விறகுப் படகு வரும் நாளுக்காகத் தம் வீட்டார் காத்திருந்ததை இன்றும் சொல்லுவார்.

இன்றைய நிலை

1965, 1966 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. லாரிகள் பெருகின, படகுகள் குறைந்தன. நகருக்குள் கழிவுநீர் கலந்தது. 1990-களில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றப்பட்டன. இத்தனைக்குப் பிறகும், 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது அந்நீரின் ஒரு பகுதியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு இக்கால்வாய் பல இடங்களில் சேதத்தைக் குறைத்தது. நாம் கைவிட்டோம், அது நம்மைக் கைவிடவில்லை!

2008-இல் இது தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மட்டும் போதுமா? 1957-இல் உயிரற்றது என்று ஆய்வாளர்கள் கூறிய லண்டன் தேம்ஸ் ஆற்றில் இன்று மீன்கள் வாழ்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரித்தபின்தான் அந்த மாற்றம் வந்தது.

ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படகில் நான் பிஸ்கட் தின்றுவிட்டு உறையைத் தண்ணீரில் போட்டேன். படகோட்டி ஐயா திட்டவில்லை. படகைத் திருப்பி, கழியால் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். "பாப்பா, இது போறதுக்கு வேற இடம் இல்லம்மா; இங்கேயேதான் சுத்தும்" என்றார். ஈரமான அந்த உறையைக் காஞ்சிபுரம் வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

தோழியரே, வரைபடத்தைப் பாருங்கள். நம் வேகவதி திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருகிறது. பாலாறு கடலில் கலக்குமிடத்துக்கு அருகில் பக்கிங்காம் கால்வாயைச் சந்திக்கிறது. ஆகவே, மழைக்காலத்தில் நம் ஊர்ப் பாலத்திலிருந்து வேகவதியில் விழும் எதுவும் அக்கால்வாயைச் சென்றடையக்கூடும். விழுவது பூவா, குப்பையா என்பது நம் கையில்தான் இருக்கிறது.