குழந்தை யாரிடம்? சட்ட வாசகத்தில் தந்தையே முதலில்
நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: புணே விமான நிலையத்தை ஒட்டிய விமான் நகரில், தகவல் தொழில்நுட்ப வேலைக்காக வெளிமாநிலங்களில் இருந்து வந்து குடியேறியோர் ஏராளம். அங்கு வசிக்கும் தமிழ்த் தம்பதி பிரிந்து, தாய் குழந்தையுடன் சென்னை திரும்பிவிட்டால் வழக்கு எங்கே நடக்கும்? குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்கிறது 1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம். அந்த இடம் புணேயா, சென்னையா என்ற வாதத்திலேயே மாதங்கள் கழிந்துவிடக்கூடும்.

குழந்தையின் நலனே பிரதானம் என்பதில் நீதிமன்றங்களுக்குக் கருத்து வேறுபாடில்லை. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டின் ஹிந்து இளவர் பாதுகாவலர் சட்டத்தின் 6-ஆவது பிரிவு. ஆனால், இயற்கைப் பாதுகாவலர் என்று அதே பிரிவு குறிப்பிடுவது தந்தையை. 'அவருக்குப் பின்' தாயை. வளர்ப்பவர் தாய், கையெழுத்திடுபவர் தந்தை என்ற விநோத நிலை இதனால்தான்.

மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார் எழுத்தாளர் கீதா ஹரிஹரன். தந்தை இறந்த பிறகு மட்டுமல்ல, அவர் பொறுப்பேற்காத நிலையிலும் தாயே பாதுகாவலர் என 1999-இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் அளித்தது. சட்ட வாசகம் மட்டும் மாறவில்லை. இருவருக்கும் சம உரிமை வேண்டும் என 1989-லும் 2015-லும் சட்ட ஆணையம் கூறியது. சுஷீல் குமார் மோடி தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2022 ஆகஸ்டில் அதையே பரிந்துரைத்தது. நிலைக்குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பது தில்லி அறிந்த விஷயம்.

பராமரிப்புத் தொகையின் கதை இதைவிட வேதனையானது. இடைக்கால மனுவை, இயன்றவரை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது 2001 முதல் உள்ள விதி. மகாராஷ்டிரத்தின் நாகபுரியில் ஒரு தாய் மனு செய்தது 2013-இல். அப்போது மகன் கைக்குழந்தை. மனைவிக்கு மாதம் ரூ.15,000, மகனுக்கு ரூ.5,000, 2015 செப்டம்பர் முதல் ரூ.10,000 என குடும்ப நீதிமன்றம் 2015-இல் உத்தரவிட்டது. கணவர் மேல்முறையீடு செய்தார். உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தபோது 2020 நவம்பர் பிறந்துவிட்டது. சிறுவன் ஏழு வயதைக் கடந்திருந்தான்.

அந்தத் தீர்ப்பின் பயனாக, கணவன், மனைவி இருவரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வது நாடு முழுவதும் கட்டாயமானது. தொகையும், உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல, மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும்.