சேகரிப்பு அட்டைகளுக்குத் தரமதிப்பீடு: மனிதக் கண்ணின் இடத்தைக் கணினி பிடிக்குமா? ஒரு விளக்கம்

புது தில்லி: உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு காகித அட்டை, 2022 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் ஹெரிடேஜ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 1.26 கோடி டாலருக்கு விற்பனையானது. பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் அச்சிடப்பட்ட அந்த அட்டையை டாப்ஸ் நிறுவனம் 1952-ஆம் ஆண்டு வெளியிட்டது. அதே அட்டை 1991-இல் 50,000 டாலருக்குக் கைமாறியிருந்தது. இவ்விலை உயர்வுக்கு வீரரின் புகழ் மட்டுமன்றி, அட்டையின் உறைமீது பொறிக்கப்பட்டிருந்த 9.5 என்ற மதிப்பெண்ணும் முக்கியக் காரணமாகும்.

இத்தகைய மதிப்பெண்ணை இதுவரை பயிற்சி பெற்ற மனிதர்களே உருப்பெருக்கியின் உதவியுடன் வழங்கி வந்தனர். தற்போது இப்பணியில் கணினிகளும் ஈடுபடுத்தப்படுகின்றன. அவை எவ்வாறு செயல்படுகின்றன, அவற்றின் வரம்புகள் யாவை என்பதை இங்கு காண்போம்.

தரமதிப்பீடு என்றால் என்ன?

விளையாட்டு வீரர்களின் அட்டைகள், போகிமான் போன்ற ஆட்ட அட்டைகள் ஆகியவற்றின் உரிமையாளர்கள், அவற்றைக் கட்டணம் செலுத்தித் தரமதிப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்புகின்றனர். அட்டை அசலானதா, வெட்டப்பட்டோ வண்ணம் பூசப்பட்டோ மாற்றப்பட்டுள்ளதா என்பது முதலில் சோதிக்கப்படுகிறது. பின்னர் படம் நடுவில் அமைந்துள்ள விதம், மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு ஆகிய நான்கும் ஆராயப்பட்டு, 10 வரையிலான அளவுகோலில் மதிப்பெண் வழங்கப்படுகிறது. இறுதியில் அட்டை கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடப்படுகிறது.

ஒரு மதிப்பெண் வேறுபாடு விலையைப் பன்மடங்கு மாற்றக்கூடியது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் 1986 ஃப்ளீர் அட்டைகளுள் 10 மதிப்பெண் பெற்ற இரண்டு, 2021-இன் தொடக்கத்தில் தலா 7,38,000 டாலருக்கு ஏலம் போயின. அதே அட்டைக்கு 9 மதிப்பெண் கிடைத்திருந்தால் அத்தொகையில் ஒரு சிறு பங்கே கிட்டியிருக்கும்.

கணினியின் தேவை ஏன் எழுந்தது?

முதற்காரணம் பணிச்சுமை. கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் அட்டை சேகரிப்பு பெரும் எழுச்சி கண்டது. இத்துறையின் மிகப்பெரிய நிறுவனமான பி.எஸ்.ஏ., முந்தைய மூன்று மாதங்களில் பெற்றதைவிட அதிகமான அட்டைகளை மூன்றே நாள்களில் பெற்றதாகத் தெரிவித்து, 2021 மார்ச் இறுதியில் தனது பெரும்பாலான சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. அதே ஆண்டு அதன் தாய் நிறுவனம், கணினிப் பார்வைத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டிருந்த ஜெனமிண்ட் நிறுவனத்தைக் கையகப்படுத்தியது.

இரண்டாவது காரணம் நம்பகத்தன்மை. பி.எஸ்.ஏ. 1991-இல் தரமதிப்பீடு செய்த முதல் அட்டை, 1909-11 காலத்தில் சிகரெட் பெட்டிகளுடன் வெளியான ஹோனஸ் வாக்னர் அட்டையாகும். அதற்கு 8 மதிப்பெண் வழங்கப்பட்டது. 2007-இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. ஆனால், அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக ஏல நிறுவன உரிமையாளர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மோசடி வழக்கில் அவருக்கு 2015-இல் 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. உலகின் மிகப் புகழ்பெற்ற அட்டையிலேயே மனிதக் கண் ஏமாந்திருந்தது.

கணினி எவ்வாறு அளவிடுகிறது?

கணினிக்கு மிக எளிதான பணி, படம் நடுவில் உள்ளதா என்பதை அளப்பதாகும். இடப்புற வெள்ளை ஓரம் 3 மில்லிமீட்டரும் வலப்புற ஓரம் 2 மில்லிமீட்டரும் இருப்பின், விகிதம் 60-க்கு 40 ஆகும். பி.எஸ்.ஏ. நிறுவனத்தில் 10 மதிப்பெண் பெற, முன்பக்கத்தில் இவ்விகிதம் ஏறத்தாழ 55-க்கு 45 என்பதைத் தாண்டக் கூடாது. அதாவது, மேற்கண்ட அட்டையில் படம் கால் மில்லிமீட்டர் இடப்புறம் நகர்ந்திருந்தாலே அது வரம்புக்குள் வந்திருக்கும். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் பதிவு செய்யும் சாதாரண ஸ்கேனரில் இந்தக் கால் மில்லிமீட்டர் சுமார் 6 பிக்சல்களாகத் தெரியும். கண் தடுமாறும் இவ்வேறுபாட்டைக் கணினி பிழையின்றி எண்ணிவிடும்.

மூலைகளிலும் ஓரங்களிலும் தேய்மானம் கண்டறியப்படுகிறது. போகிமான் அட்டையின் பின்பக்கம் நீல நிறமுடையது, உட்காகிதமோ வெண்ணிறமானது. எனவே, ஓரம் தேயும்போது வெண்மை வெளிப்படுகிறது. நீலத்தின் நடுவே தோன்றும் வெண்புள்ளிகளின் பரப்பைக் கணினி கணக்கிடுகிறது.

மேற்பரப்புக் கீறல்களைக் காண்பதே கடினமானது. இதற்கு அட்டையும் கேமராவும் அசையாதிருக்க, விளக்குகள் மட்டும் வெவ்வேறு திசைகளிலிருந்து அடுத்தடுத்து ஒளிரச் செய்யப்படுகின்றன. ஒரு பள்ளத்தின் நிழல் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு பக்கம் விழும். அச்சிடப்பட்ட கோட்டுக்கு நிழல் இல்லை. இப்படங்களை ஒப்பிட்டு மேற்பரப்பின் மேடுபள்ள வரைபடம் உருவாக்கப்படுகிறது. இம்முறையைப் பயன்படுத்தும் அமெரிக்காவின் டேக் நிறுவனம், 1,000 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் மதிப்பிடுகிறது. குறைகளைச் சுட்டும் அறிக்கையை உறையிலுள்ள கியூஆர் குறியீட்டின் வழியே எவரும் காணலாம்.

வரம்புகள் யாவை?

பளபளக்கும் உலோகப் பூச்சு கொண்ட அட்டைகளில் ஒளி சிதறுவதால் கீறலும் பிரதிபலிப்பும் ஒன்றுபோல் தோன்றக்கூடும். ஓரமின்றி முழுவதும் படம் நிறைந்த அட்டைகளில் எதை வைத்து நடுவை அளப்பது என்ற சிக்கல் எழுகிறது. அச்சகத்திலேயே ஏற்பட்ட கோட்டையும் பின்னர் விழுந்த கீறலையும் பிரித்தறிய, அதே அட்டையின் வேறு பிரதிகளுடன் ஒப்பிட வேண்டியுள்ளது.

இவற்றைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான அட்டைகளின் படங்களையும் அவற்றுக்கு மனிதர்கள் வழங்கிய மதிப்பெண்களையும் கொண்டு பயிற்றுவிக்கப்படும் செயற்கை நுண்ணறிவு, அம்மனிதர்களின் முரண்பாடுகளையும் சேர்த்தே கற்கிறது. 9 பெற்ற அட்டையை உறையிலிருந்து எடுத்து மீண்டும் அனுப்பி, 10 கிடைக்குமா எனப் பார்ப்பது சேகரிப்பாளர்களிடையே வழக்கமான செயல். ஒரே அட்டைக்கு இரு மதிப்பெண்கள் இருக்கும்போது, கணினி எதைச் சரியெனக் கொள்வது என்பதே கேள்வி.

மறுபுறம், அட்டை ஒவ்வொன்றின் நுண்ணிய அச்சுப் புள்ளிகளையும் ஓர அமைப்பையும் கைரேகைபோல் பதிவு செய்ய முடிந்தால், முன்பு வந்த அட்டையே வெட்டிச் சீராக்கப்பட்டு மீண்டும் வந்திருப்பதைக் கண்டறியலாம். வாக்னர் அட்டையில் நிகழ்ந்ததைப் போன்ற மோசடிகளைத் தடுக்க இது உதவும்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கைப்பேசியில் படமெடுத்தால் மதிப்பெண் கணிக்கும் செயலிகளும் தற்போது கிடைக்கின்றன. அறை வெளிச்சமும் கேமராவின் சாய்வும் முடிவை மாற்றிவிடும் என்பதால், தரமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என முடிவெடுக்க மட்டுமே அவை பயன்படும். சந்தை அம்மதிப்பெண்ணை ஏற்பதில்லை. தரமிடப்பட்ட அட்டையை வாங்குவோர், உறையிலுள்ள சான்றிதழ் எண்ணை உரிய நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்ப்பதும், அங்கு படம் பதிவேற்றப்பட்டிருந்தால் அதனைக் கையிலுள்ள அட்டையுடன் ஒப்பிடுவதும் அவசியம். போலி உறைகளும் சந்தையில் உலவுகின்றன.