எலக்ட்ரிக் தியேட்டர்



தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம். சிறிது நடந்தால் சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சலகம். அதன் வளாகத்துக்குள் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. அஞ்சல்தலை சேகரிப்போர் தேடி வரும் இடம். ஒரு காலத்தில் அது சினிமாக் கொட்டகை!

வார்விக் மேஜர் என்பவர் 1913-இல் தொடங்கிய எலக்ட்ரிக் தியேட்டர் அது. தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' படம் பம்பாயில் வெளியானதும் அதே ஆண்டில்தான். அன்றைக்குத் திரையில் ஓடியதெல்லாம் மௌனப் படங்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் போன்றவர்கள் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய காலம். அப்போது மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை), மேலே கூரையும் சுற்றிலும் சுவருமாக, படத்துக்கென்றே ஓர் அரங்கம் எழுந்தது எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஆனால் 1915-லேயே திரை மூடிவிட்டது. நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்ற மௌனப் படத்தை எடுப்பதற்கு முன்பே கதை முடிந்தது. இடத்தை அஞ்சல் துறை வாங்கியது. கட்டடம் இடிபடாமல் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம். அதே சாலையில் பின்னாளில் வந்த வெலிங்டன், குளோப், சாந்தி ஆகிய திரையரங்குகள் எதுவும் இன்று இல்லையே!

விடுமுறையில் போகாதீர்கள், அலுவலக நேரத்தில் போனால்தான் உள்ளே பார்க்கலாம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.