எம்87: ராட்சத கேலக்ஸியில் புது நட்சத்திரங்கள் ஏன் அதிகம் பிறப்பதில்லை?

2019 ஏப்ரலில் எல்லோரும் ஷேர் பண்ண அந்த ஆரஞ்சு வளையம் ஞாபகம் இருக்கா? உலகின் முதல் கருந்துளைப் படம். அந்தக் கருந்துளை இருப்பது எம்87 கேலக்ஸியின் நடுவில்தான்.

கன்னி ராசி திசையில், சுமார் 5.5 கோடி ஒளி ஆண்டு தூரத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் அடங்கிய கூட்டத்தின் மையத்தில் இருக்கிறது எம்87. நம்ம பால்வீதிக்கு இருப்பது போல சுருள் கைகள் இதற்குக் கிடையாது. இது நீள்வட்ட வகை. சின்னச் சின்ன கேலக்ஸிகளை விழுங்கியே இவ்வளவு பெரிதாகியிருக்கிறது.

இதைச் சுற்றி வாயுவுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால், வாயு நன்றாகக் குளிர்ந்தால்தான் நட்சத்திரம் பிறக்கும். சுமார் 650 கோடி சூரியன்களின் நிறை கொண்ட அந்தக் கருந்துளை, ஆயிரக்கணக்கான ஒளி ஆண்டு நீளத்துக்கு ஜெட் ஒன்றைப் பீய்ச்சுகிறது. அந்த ஆற்றல் வாயுவைச் சூடாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் இங்கே இருப்பவை பெரும்பாலும் வயதான நட்சத்திரங்கள்.