டிராக்டர் ஆயிலில் தண்ணீர் கலந்துள்ளதா? கண்டறிவது எப்படி?

தாடிக்கொம்பு பகுதி விவசாயிகள் ஐப்பசி உழவுக்கு டிராக்டரை எடுக்கும் முன், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் காபி போல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜினை இயக்க வேண்டாம். வழவழப்பு குறைந்து கிராங்க் பேரிங் தேய்ந்துவிடும்.

இரவு முழுவதும் நிறுத்திவைத்த வண்டியில், காலையில் ஆயில் வடிக்கும் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். அடியில் தங்கிய தண்ணீர் இருந்தால் அதுவே முதலில் சொட்டும்.

இன்ஜின் ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்கவும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் ஆயில் கூலர் அல்லது ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். ஆயிலில் மட்டும் தண்ணீர் இருந்தால் லைனர் ஓ-ரிங்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஆயிலை மட்டும் மாற்றினால் மறுபடியும் கலக்கும். கசிவைச் சரிசெய்த பிறகே ஆயில், பில்டர் இரண்டையும் மாற்றுங்கள்.