குளிர் வந்தால் எலியைத் தொடாத அமெரிக்கப் பாம்பு!
ஊட்டிவிடப் போனால் ஆபத்து. ஓசூரின் ‘அரைக் குளிர்’ செய்யும் வேலை

ஓசூர்,

மார்கழி பிறந்துவிட்டால் ஓசூரில் காலை ‘ஷிப்ட்’டுக்குக் கிளம்பும் சிப்காட் தொழிலாளி, சுவெட்டரும் மப்ளரும் இல்லாமல் தெருவில் தலைகாட்ட மாட்டார். ஜூஜூவாடி எல்லையில் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும்.

இந்தக் குளிரில் மனிதனுக்குப் பசி கூடும். பாம்புக்கோ பசி அடியோடு நின்றுவிடும்!

“பதினைஞ்சு நாளா எலியை மோந்துகூடப் பார்க்க மாட்டேங்குதுங்க” என்பதுதான் கண்ணாடிப் பெட்டியில் பாம்பு வளர்ப்பவர்கள் குளிர் காலத்தில் பாடும் பாட்டு. அதுவும் ‘கிங் ஸ்நேக்’ என்ற வெளிநாட்டுப் பாம்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை அதிகம்.

ராஜநாகம் அல்ல!

கிங் ஸ்நேக் என்றதும் ராஜநாகம் என்று பதற வேண்டாம். இது வேறு. அமெரிக்கக் கண்டத்துப் பாம்பு. மூன்று, நான்கு அடி வளரும். விஷம் கிடையாது. மற்ற பாம்புகளைப் பிடித்து விழுங்குவதால் ‘கிங்’ என்று பெயர் வைத்தார்கள். கொடிய கிலுகிலுப்பைப் பாம்பைக்கூட விட்டு வைக்காது. அதன் விஷம் இதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

இதில் ஒரு ஜாதி கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டிருக்கும். நம் ஊர்க் கட்டுவிரியனுக்கும் ஏறக்குறைய அதே சட்டை! பெட்டியை விட்டுத் தப்பியது என்று நினைத்து இருட்டில் கட்டுவிரியனைக் கையில் எடுத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இந்தப் பாம்பு இங்கே எப்படி வந்தது? 2022 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கிய ஒரு பயணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 15 கிங் ஸ்நேக், 5 மலைப்பாம்புக் குட்டிகள், 2 ஆமைகள், போதாக்குறைக்கு ஒரு ஆப்பிரிக்கக் குரங்கு! எல்லாவற்றையும் தாய்லாந்துக்கே திருப்பி அனுப்பினார்கள். பிடிபட்டது அது. பிடிபடாமல் வந்தவை யார் யார் வீட்டில் இருக்கின்றன என்பது அந்தந்த வீட்டாருக்கே வெளிச்சம்.

மாவு பொங்காத மர்மம்

பாம்பு ஏன் சாப்பிடுவதில்லை?

ஓசூர் வீட்டம்மாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தை மாதத்தில் ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்குகிறதா? இல்லை. குளிரில் புளிக்காது. பாம்பின் வயிறும் அப்படித்தான்.

நம் உடம்பு தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும். பாம்புக்கு அந்த வசதி இல்லை. வெயிலிலோ சூடான கல்லிலோ கிடந்து கடன் வாங்கிய சூட்டில்தான் எலியைச் செரிக்க வேண்டும். 28, 30 டிகிரி சூடு கிடைத்தால் சில நாளில் எலி செரித்துவிடும். 20 டிகிரிக்குக் கீழே போனால் செரிமானம் ஏறக்குறைய படுத்துவிடும். விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும். பாம்பு கக்கும், கக்க முடியாவிட்டால் சாகும்.

ஆக, எலியைத் தொடாத பாம்பு பிடிவாதம் பிடிக்கவில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது!

சொந்த ஊரில் இது ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வளைக்குள் போய்ப் படுத்தால் மாசி, பங்குனியில்தான் வெளியே வரும். பெட்டியில் பிறந்து வளர்ந்த பாம்புக்கும் அந்தப் பரம்பரைக் கடிகாரம் நிற்பதில்லை. பெட்டிக்குள் சூடு சரியாக இருந்தாலும், பகல் குறைகிறது என்று தெரிந்தவுடன் சில ஆண் பாம்புகள் தீனியை நிறுத்திவிடும்.

அரைக் குளிர்

சிக்கல் ஓசூரின் குளிரில்தான் இருக்கிறது. அமெரிக்க வளைக்குள் 10 முதல் 13 டிகிரி வரை ஒரே சீராகக் குளிரும். பாம்பின் உடம்பு இயந்திரம் ஏறக்குறைய நின்றுவிடும். கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும். மூன்று மாதம் ஓடினாலும் எடை பெரிதாகக் குறையாது.

சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கும் ஓசூரில் அந்தக் குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும். மத்தியானம் 27-க்கு ஏறும். பாம்பு தூங்கவும் முடியாது, தின்னவும் முடியாது. முழித்துக்கொண்டே உடம்பைக் கரைக்கும். இரண்டும்கெட்டான் நிலை! இதே பெட்டியைச் சூளகிரி தாண்டி கீழே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோனால், அங்கே குளிர் குறைவு என்பதால் பாதிப் பிரச்சினை தீரும்.

தெரியாதவர்கள் செய்யும் முதல் தப்பு, வாயைத் திறந்து ஊட்டுவது. வாய் கிழியும், மூச்சுக்குழலில் தீனி அடைக்கும். இரண்டாவது தப்பு இன்னும் மோசம்: ‘பசிச்சா திங்கட்டும்’ என்று உயிர் எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டுப் படுக்கப் போவது. குளிரில் விறைத்துக் கிடக்கும் பாம்பை, விடிவதற்குள் எலி கடித்துக் குதறிவிடும்! எலியைத் தின்ன வேண்டிய பாம்பு எலிக்கு இரையாகும்.

சிலர் கிண்ணத்தில் பால் வைக்கிறார்கள். பாம்புக்குப் பால் செரிக்காது. தண்ணீர்தான் வேண்டும், பட்டினி நாளிலும் தினமும் வேண்டும்.

தராசு சொல்லும்

செய்ய வேண்டியது சுலபம். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில், சூடு தாண்டினால் தானே அணையும் வெப்ப விரிப்பு. மறுபக்கம் குளுமை. எங்கே படுப்பது என்று பாம்பே தீர்மானிக்கும். பல்பைப் பெட்டிக்குள் தொங்கவிட்டால் அதைச் சுற்றிக்கொண்டு வெந்துபோகும். கரண்ட் போகும் ராத்திரிக்குத் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டில் தாங்கும்.

வாரம் ஒரு தடவை மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தால் போதும். வளர்ந்த பாம்பு இரண்டு மாதம் தின்னாமல் இருந்தும் எடை அப்படியே இருந்தால் கவலை இல்லை. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டாலோ, மூக்கில் நுரை கட்டினாலோ அது நோய். சளி நுரையீரலுக்கு இறங்கியிருக்கும். உடனே மாட்டு டாக்டராவது பார்க்க வேண்டும். குட்டிப் பாம்பு என்றால் இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாது. அதற்குக் கையிருப்புக் கொழுப்பு குறைவு.

கண் பால் மாதிரி வெளுத்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உரித்த பின் தானே தின்னும்.

டாக்டரிடம் போவதில்தான் தயக்கம்! நாகம், சாரை, மண்ணுளி ஆகியவற்றை வீட்டில் வைத்தால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். வெளிநாட்டுப் பாம்புக்கோ கொண்டுவந்த அனுமதிக் காகிதம் கேட்பார்கள். பலரிடம் அது இருக்காது. பாம்பு மெலிய மெலிய, ‘ராமநாயக்கன் ஏரிக் கரையில் விட்டுட்டா என்ன?’ என்ற யோசனை முளைக்கும்.

ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில் அப்படி வெளியே போனவைதான் இன்று அந்தத் தீவையே ஆட்டிப் படைக்கின்றன. 1998-ல் அங்கே காட்டுப்புறத்தில் முதல் கிங் ஸ்நேக் தென்பட்டது. இப்போது அவை பரவிய இடங்களில், உலகில் வேறெங்கும் இல்லாத அந்தத் தீவின் பெரிய பல்லி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்துவிட்டது. வருஷா வருஷம் ஆள் போட்டுப் பிடித்தும் தீரவில்லை.

வளர்க்க முடியாதவர்கள் ஓசூர் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். காகிதம் உள்ளவர்கள் மாசி வெயில் ஏறும்வரை பொறுக்கலாம். அப்போது பாம்பு பெட்டிக்குள் அலைய ஆரம்பிக்கும், நாக்கை அடிக்கடி நீட்டும். முதல் தீனி மட்டும் சின்ன எலியாக இருக்க வேண்டும்.