வீட்டில் கட்டிய விமானத்துக்குள் காற்று எப்படி வரும்? ஒரு ஓட்டை போட்டால் போதாதா? - விளக்கம்

கொரோனா ஊரடங்கில் பலர் மாடித் தோட்டம் போட்டார்கள், சிலர் கேக் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த, பிரிட்டனில் வசிக்கும் அசோக் அலிசெரில் தாமராக்‌ஷன் விமானமே கட்டிவிட்டார். தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ என்ற 4 இருக்கை விமானத்தைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டி, இளைய மகளின் பெயரைச் சேர்த்து ‘ஜி-தியா’ என்று பெயர் வைத்தார். 2022-ல் அதில் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்த செய்தி வைரலானது. அவருக்கு முன்பே மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி, அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் 6 இருக்கை விமானம் கட்டினார். 2019-ல் அதற்குப் பறக்க அனுமதி கிடைத்தது.

இந்த மாதிரி செய்திகளில் இன்ஜின், இறக்கை, செலவு எல்லாம் வரும். உள்ளே உட்காருபவருக்குக் காற்று எங்கிருந்து வருது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், உயிர் போகும் வரை கொண்டுபோகக்கூடிய விஷயம் அது.

உள்ளே ஏன் இப்படி வேகுது?

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கத்திரி வெயிலில், கண்ணாடியை ஏற்றிவிட்டு காரை ஒரு மணி நேரம் நிறுத்திப் பாருங்கள். திரும்பி வந்து ஸ்டியரிங்கைத் தொட முடியாது. சிறிய விமானத்தில் நிலைமை இன்னும் மோசம். தலைக்கு மேலேயும் கண்ணாடிக் கூரை, உட்காரும் இடமோ ஒரு ஆட்டோவின் பின்சீட் அளவு. ஏசி வைக்கலாம்தான். ஆனால் அதன் எடையை இன்ஜின் சுமக்க வேண்டும், அதன் சக்தியிலும் ஒரு பங்கை ஏசி தின்றுவிடும்.

மேலே போனால் சூடு குறையும். ஏறும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 2 டிகிரி செல்சியஸ் வீதம் இறங்கும். 5,000 அடியில் வெளிக்காற்று 10 டிகிரி குளிர்ச்சி. அந்தக் காற்றை உள்ளே கொண்டு வந்தாலே போதும்.

ஜன்னலைத் திறந்தால் ஆகாதா?

இங்கேதான் நம்ம வீட்டுக் கணக்கு தப்புகிறது. வேகமாகப் பறக்கும்போது விமானத்தின் உடலை ஒட்டி ஓடும் காற்று, எல்லா இடத்திலும் உள்ளே தள்ளுவதில்லை. மூக்குப் பகுதியிலும் இறக்கைக்கு அடியிலும் அழுத்தம் அதிகம். கண்ணாடிக் கூரையின் வளைவின் மேலே அழுத்தம் குறைவு. அங்கே ஓட்டை போட்டால் காற்று உள்ளே வராது, உள்ளே இருப்பதை உறிஞ்சி வெளியே எடுத்துவிடும்.

சரியான இடத்தில் போட்டாலும், குழாயை வெளியே துருத்திக்கொண்டு நிறுத்தினால் அது பிரேக் மாதிரி விமானத்தை இழுக்கும். இதற்கு 1940-களிலேயே ஒரு தீர்வு கண்டுபிடித்தது அமெரிக்காவின் ‘நாக்கா’. நாசாவுக்கு முன்னோடியான அமைப்பு இது. வெளியே எதுவும் நீட்டாமல், தகட்டோடு தகடாக, உள்நோக்கிச் சரியும் ஒரு பள்ளம். முன்பக்கம் குறுகி, பின்னால் போகப் போக அகலும். ‘நாக்கா டக்ட்’ என்றே அதற்குப் பெயர். வீட்டில் விமானம் கட்டுபவர்கள் பலர் இதை ஃபைபர் கிளாஸில் வார்த்து ஒட்டுகிறார்கள். அங்கிருந்து வளையும் ஹோஸ் ஒன்று, முடிவில் பஸ்ஸில் தலைக்கு மேலே திருப்புவோமே, அந்த மாதிரி உருண்டை வென்ட். அவ்வளவுதான்.

மணிக்கு 185 கி.மீ. வேகத்தில், ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் காற்று சுமார் ஒன்றரை கிலோ எடை வைத்த மாதிரி அழுத்தும். ஃபேன் எதற்கு?

உள்ளே வந்தது வெளியே போகணுமே!

வென்ட் வைத்த பிறகும் “காற்றே வரலைங்க” என்பார்கள். காலிக் குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்று போக வழி இல்லாததால் தண்ணீர் நிரம்பாது. விமானத்திலும் அதே கதைதான். உள்ளே வரும் வழியைவிட, அழுத்தம் குறைந்த இடத்தில் வெளியேறும் வழி வைப்பதில்தான் சூட்சுமம். என் பார்வையில், இதில் பாதி வேலையே அதுதான்.

இந்த வழியைத் தப்பாக வைத்தால் வியர்வையோடு போகாது. ஆம்னி வேனின் பின்கதவைத் திறந்து வைத்து ஓட்டினால் சைலன்சர் புகை உள்ளேயே சுழன்று வரும் இல்லையா? அதேபோல விமானத்தின் வயிற்றை ஒட்டிப் பின்னால் ஓடும் இன்ஜின் புகை, வால் பக்க இடுக்குகள் வழியாக கேபினுக்குள் திரும்பி வரலாம். அதில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, தூக்கம், குழப்பம். விமானி களைப்பு என்று நினைத்துக்கொள்வார்.

2019 ஜனவரி 21 அன்று பிரான்ஸிலிருந்து பிரிட்டன் வந்த சிறிய விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்து, கால்பந்து வீரர் எமிலியானோ சாலா இறந்தார். அவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின் அளவு 58 சதவீதம். 50 சதவீதத்தைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. 2017 டிசம்பர் 31 அன்று சிட்னி அருகே கடல் விமானம் விழுந்து 6 பேர் பலியானதிலும் இதே வாயுதான். இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தடுப்பில் போல்ட் இல்லாமல் திறந்து கிடந்த ஓட்டைகள் வழியாக அது நுழைந்ததாக விசாரணையில் தெரியவந்தது. இரண்டுமே தொழிற்சாலையில் தயாரானவை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் கட்டிய விமானத்தில் ஒவ்வொரு இடுக்கையும் அடைக்கும் பொறுப்பு கட்டியவருக்குத்தான்.

வெட்டும் முன் பார்க்க வேண்டியவை

விமானத்தின் தகடு வெறும் மூடி கிடையாது, அதுவே எடையைத் தாங்கும் எலும்பும்கூட. அதனால் உள்கட்டைகளைத் தொடாமல், மூலைகளை வளைவாக வெட்டி, சுற்றிலும் கூடுதல் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். புகைக்குழாய்க்குப் பின்னால் வென்ட் வரவே கூடாது. பிரிட்டனில் இப்படி மாற்றம் செய்ய இலகுரக விமானச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டும். இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-விடம் போக வேண்டும்.

எங்கே வெட்டுவது என்று தெரிய, பழைய தந்திரம் ஒன்று உண்டு. உடலெங்கும் சின்னச் சின்ன கம்பளி நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டிவிட்டுப் பறப்பார்கள். நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, காற்று அந்தப் பக்கம் ஓடுகிறது. வென்ட் பொருத்திய பிறகு முதல் வேலை, சத்தம் போட்டு எச்சரிக்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிவிட்டு, வென்ட்டைத் திறந்தும் மூடியும், ஏறும்போதும் இறங்கும்போதும் தனித்தனியாக அளவு பார்ப்பது. நிறம் மாறும் அட்டை மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதை விமானி திரும்பிப் பார்த்தால்தான் உண்டு.